நிபந்தனை போட்டுக் கொடுத்தால் அகதிகளுக்கான பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேருமா?

நீங்கள் கேட்டது ஒரே வரிதான். பாலஸ்தீன அகதிகளுக்கான ஐநா அமைப்புக்குப் பல நாடுகள் கோடிக்கணக்கில் கொடுக்கின்றன. ஒரு டாலர்கூடத் தப்பான கைக்குப் போகக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தால் முடிந்ததே, இதில் என்ன சிக்கல் என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிபந்தனை போடலாமா என்பது ஒன்று. போட்ட நிபந்தனை வேலை செய்யுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கொடுப்பது மக்களின் வரிப்பணம், போடலாம், எல்லா நாடுகளும் போடுகின்றன. இரண்டாவதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேறொரு நிவாரண அமைப்பில் மானிய ஒப்பந்தங்களைப் பார்க்கும் மேசையில் பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். கொடுக்கும் நாடு எழுதி அனுப்பும் நிபந்தனைகளைப் படித்து, களத்தில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லி, ஆண்டுக் கடைசியில் ‘நிறைவேற்றினோம்’ என்று கையெழுத்து வாங்கி அனுப்புவது வேலை. காசாவில் நான் வேலை பார்த்ததில்லை. அதனால் இந்தக் குறிப்பிட்ட அமைப்பைப் பற்றி நான் சொல்வது பொதுவில் வெளியான ஆவணங்களை வைத்து. காகிதத்தில் இருக்கும் நிபந்தனை களத்துக்குப் போனதும் என்னவாகிறது என்று சொல்வது மட்டும் கைப்பட்ட அனுபவம்.

அன்ர்வா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பு 1949 டிசம்பரில் ஐநா பொதுச்சபை போட்ட 302-ம் தீர்மானத்தில் பிறந்தது. 1950 மே மாதம் வேலையைத் தொடங்கியது. தற்காலிகம் என்றுதான் பெயர். காலம் முடிய முடிய நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். ஜோர்தான், லெபனான், சிரியா, மேற்குக் கரை, காசா ஆகிய ஐந்து இடங்களில் சுமார் 59 லட்சம் பேர் அதில் பதிவாகியிருக்கிறார்கள். உலகின் மற்ற அகதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐநா அகதிகள் உயர் ஆணையத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உயர் ஆணையம் கணிசமான வேலையைத் தொண்டு நிறுவனங்கள் வழியாகச் செய்கிறது. அன்ர்வா தானே பள்ளி நடத்துகிறது, மருந்தகம் நடத்துகிறது, முகாமில் குப்பை அள்ளுகிறது. ஏறக்குறைய 30,000 ஊழியர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் அகதிகளே. ஆக, செலவின் பெரும்பகுதி சம்பளம். ஐநாவின் வழக்கமான பட்ஜெட் சில சர்வதேசப் பதவிகளுக்குத்தான் சம்பளம் தருகிறது. மற்றதை ஆண்டுதோறும் நாடு நாடாகக் கேட்டு வாங்க வேண்டும். 2020 நவம்பரில் 28,000 ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் கொடுக்கக் கையில் பணம் இல்லை என்று அதன் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இங்கே நிபந்தனை நேராகப் போய் விழுவது எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரின் மாதச் சம்பளத்தில். ஒரு பாலம் கட்டும் திட்டத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்துப் பிறகு தொடரலாம். பள்ளிக்கூடத்தை அப்படிச் செய்ய முடியாது.

இனி நிபந்தனைக்கு வருவோம். இருப்பதிலேயே பழையவற்றுள் ஒன்று அமெரிக்காவுடையது. 1961-ம் ஆண்டின் அயலுதவிச் சட்டத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட 301(சி) பிரிவு அது. கெரில்லா அமைப்பில் ராணுவப் பயிற்சி பெறும் அல்லது பயங்கரவாதச் செயலில் ஈடுபட்ட எந்த அகதிக்கும் அமெரிக்கப் பணம் போகாமல் இருக்க, முடிந்த எல்லா நடவடிக்கையையும் அன்ர்வா எடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘போகாது என்று உறுதி கொடு’ என்று அது கேட்கவில்லை, ‘முடிந்ததைச் செய்’ என்கிறது. சட்டம் எழுதியவர்கள் ஏமாளிகள் இல்லை. லட்சக்கணக்கான பேருக்கு மருந்தும் மாவும் கொடுக்கும் எந்த அமைப்பாலும் விளைவுக்கு உறுதி தர முடியாது, முயற்சிக்குத்தான் தர முடியும். விளைவைக் கேட்டால் முதல் ஆண்டே நிபந்தனை உடைந்துவிடும்.

சரி, அந்த முயற்சி என்பது என்ன? முக்கியமானது பெயர்ச் சோதனை. ஊழியர்களின் பெயரையும் உதவி பெறுவோரின் பெயரையும் ஐநா பாதுகாப்பு அவையின் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் ஓட்டை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஹமாஸைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்திருக்கின்றன. ஐநா பட்டியலில் ஹமாஸ் கிடையாது. அல்கொய்தா, தாலிபான் வகையறாப் பெயர்கள்தான் அதில் இருக்கின்றன. எவ்வளவு நேர்மையாக, எத்தனை தடவை சோதித்தாலும் அந்தப் பட்டியலை வைத்து ஹமாஸ்காரர் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு பட்டியலை வைத்துச் சோதிக்க வேண்டியதுதானே என்பீர்கள். ஓர் உறுப்பு நாட்டின் பட்டியலை ஐநா அமைப்பு ஏற்றால் மற்ற நாடுகளின் பட்டியல்களையும் ஏற்க வேண்டிவரும் என்பது அவர்கள் தரப்பு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா பணம் கொடுத்துவந்த காலத்தில் நிபந்தனை நிறைவேறியது என்று வாஷிங்டனில் ஒரு கோப்பு மூடப்பட்டபோது, அது எதைச் சோதித்து மூடப்பட்டது என்று எம்.பி.க்கள் பலருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பெயர்ச் சோதனை எப்படி நடக்கும் என்று கிட்டத்தில் காட்டுகிறேன். நான் இருந்த அமைப்பில், அரபு பேசும் ஒரு நாட்டில், தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவருக்குப் பணம் நின்றுபோனது. அவர் பெயர் பட்டியலில் இருந்த ஒரு பெயரோடு ஒத்துப்போய்விட்டது. முகமது என்ற பெயரையே ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதலாம். மென்பொருள் பத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், திரையில் சிவப்புக் கோடு வரும். பிறந்த தேதியை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தால் அவருடைய அகதி அட்டையில் ஜனவரி 1 என்று இருந்தது. தேதி தெரியாதவர்களுக்குப் பதிவு அலுவலர்கள் எழுதும் வழக்கமான தேதி அது. அந்த முகாமில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். தந்தை பெயர், தாத்தா பெயர் இரண்டும் ஒத்துப்போயின. கடைசியில் தாயின் பெயரைத் தேடிப் பிடித்துத்தான் ஆள் வேறு என்று நிரூபித்தோம். பத்தொன்பது நாள் ஆனது. அதுவரை அந்த மனிதர் கடன் வாங்கி டீசல் போட்டு லாரியை ஓட்டியிருக்கிறார்.

இந்த அனுபவம் இருந்ததால், 2024 ஏப்ரலில் பிரான்ஸின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கேத்தரின் கொலோனா தலைமையில் அன்ர்வாவின் நடுநிலையை ஆராய ஐநா அமைத்த குழுவின் அறிக்கையைப் படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அன்ர்வா ஆண்டுதோறும் தன் ஊழியர் பட்டியலை இஸ்ரேல் உள்ளிட்ட அரசுகளுக்குக் கொடுத்து வந்திருக்கிறது. 2011-க்குப் பிறகு அந்தப் பட்டியல்களை வைத்து எந்த ஊழியரைப் பற்றியும் இஸ்ரேல் ஆட்சேபம் சொல்லவில்லை என்கிறது அறிக்கை. ஆனால் 2024 மார்ச் வரை தங்களுக்கு வந்த பட்டியல்களில் அடையாள எண்கள் இல்லை என்று இஸ்ரேல் தரப்பு சொன்னதையும் அதே அறிக்கை பதிவு செய்கிறது. வெறும் பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியல்! அதை வைத்து ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்று லாரி ஓட்டுநர் கதையில் பார்த்தீர்கள். பல கோடி டாலருக்கு நிபந்தனை எழுதிய எந்த நாடும் ‘பட்டியலில் அடையாள எண் இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதி வாங்கவில்லை போலிருக்கிறது. என்னைக் கேட்டால், பக்கம் பக்கமாக எழுதும் கொள்கை உறுதிமொழிகளைவிட அந்த ஒரு கட்டம் அதிகம் உதவியிருக்கும்.

2024-ல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் அன்ர்வா ஊழியர்கள் 12 பேர் ஈடுபட்டார்கள் என்று இஸ்ரேல் குற்றம் சாட்டியது. ஜனவரி 26 அன்று சம்பந்தப்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டதாக அமைப்பு அறிவித்தது. அடுத்த சில நாட்களில் 16 நாடுகள் பணத்தை நிறுத்தின. சுமார் 45 கோடி டாலர் தொங்கலில் நின்றது. காசாவில் மட்டும் ஏறத்தாழ 13,000 ஊழியர்கள். ஐநாவின் உள் விசாரணை அலுவலகம் பிறகு மொத்தம் 19 பேரை விசாரித்தது. ஒன்பது பேர் ஈடுபட்டிருக்கலாம், ஒன்பது பேருக்குச் சான்று போதவில்லை, ஒருவருக்குச் சான்றே இல்லை என்று ஆகஸ்டில் முடிவு சொன்னது. ஒன்பது பேர் என்பது சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் நின்றது ஜனவரியில், முடிவு வந்தது ஆகஸ்டில் என்பதையும் பாருங்கள்.

அதற்கப்புறம் பணம் திரும்பிய விதம்தான் என் தொழில் கண்ணுக்குச் சுவாரசியமானது. நார்வே நிறுத்தவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச் 1 அன்று 8.2 கோடி யூரோவை மூன்று தவணையாகப் பிரித்தது: முதலில் 5 கோடி, பிறகு 1.6 கோடி, அப்புறம் இன்னொரு 1.6 கோடி. பதிலுக்கு மூன்று காரியங்கள் கேட்டது. ஆணையம் நியமிக்கும் வெளி நிபுணர்கள் அமைப்பின் கட்டுப்பாட்டு முறைகளைத் தணிக்கை செய்ய வேண்டும், உள் விசாரணைப் பிரிவை வலுப்படுத்த வேண்டும், ஊழியர்களை மறுபடி சோதிக்க வேண்டும். ஸ்வீடன் சில நாள் கழித்து 40 கோடி குரோனரில் பாதியை முதலில் கொடுத்தது, ஏறக்குறைய இதே மாதிரியான நிபந்தனைகளோடு. அமெரிக்க நாடாளுமன்றமோ 2025 மார்ச் 25 வரை ஒரு டாலரும் கிடையாது என்று சட்டமே போட்டது. 2023-ல் சுமார் 42 கோடி டாலர் கொடுத்து முதலிடத்தில் இருந்த நாடு அது. இந்த மூன்றில் ஐரோப்பிய ஆணையத்தின் வேலையைத்தான் நான் கைத்திறன் என்பேன். அமைப்பால் செய்யக்கூடியதைக் கேட்டது, யார் வந்து பார்ப்பார்கள் என்று சொன்னது, எவ்வளவு பணம் அதைப் பொறுத்தது என்று எழுதியது. சம்பளம் நிற்காத அளவுக்கு முதல் தவணையையும் பெரிதாக வைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் அமைப்பு என்ன செய்தால் பணம் வரும் என்று ஒரு வழியும் இல்லை. அதை நிபந்தனை என்று சொல்வது தவறு, அது தடை. தடை போட ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் தடையைப் போட்டுவிட்டு ‘சீர்திருத்தம் வரட்டும்’ என்று காத்திருப்பதில் பொருள் இல்லை.

தணிக்கை என்று சொன்னேன், அதில் ஒரு முடிச்சு உண்டு. ஐநா அமைப்புகளின் கணக்கை ஐநாவின் தணிக்கைக் குழுதான் பார்க்கும் என்பது விதி. ஒவ்வொரு நாட்டின் ஆடிட்டரும் தனித்தனியாக வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்ட விடமாட்டார்கள். விட்டால் ஆண்டு முழுக்க யாராவது ஓர் ஆடிட்டருக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் தனியாக ஒரு நிதி உடன்படிக்கை போட்டு, சரிபார்க்க ஆள் அனுப்பும் உரிமையை ஐநாவிடம் வாங்கி வைத்திருக்கிறது. மற்ற நாட்டு எம்.பி. ஒருவர் ‘நம் ஆட்களே போய்த் தணிக்கை செய்வார்கள்’ என்று சபையில் முழங்கும்போது, அதற்கு வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வழியில்லாத ஷரத்தோடு வந்த ஒப்பந்தம் எங்கள் மேசையில் ஏழு மாதம் கையெழுத்தாகாமல் கிடந்திருக்கிறது.

பணத்தை இன்னதற்குத்தான் என்று கட்டிக் கொடுப்பது இன்னொரு வகை. கனடாவில் ஹார்ப்பர் அரசு பொது நிதிக்குக் கொடுத்ததை 2010 வாக்கில் உணவு உதவிக்கு மாற்றியது, பிறகு அதையும் நிறுத்தியது; ட்ரூடோ அரசு 2016-ல் மறுபடி தொடங்கியது. உணவுக்கு மட்டும் கொடுத்தால் வேறெதற்கும் போகாது என்று தோன்றும். ஆனால் ஒரே குளத்தில் நாலு வாய்க்கால் தண்ணீர் விழுகிறது. ஒருவர் உணவுக்கு விட்டால், உணவுக்குப் போயிருக்க வேண்டிய இன்னொருவர் பணம் சம்பளத்துக்குத் திரும்பும். அதனால் இந்த வகை நிபந்தனை கொடுப்பவருக்கு நிம்மதி தருகிற அளவுக்குக் கட்டுப்பாடு தருவதில்லை. கூடவே கெடு வேறு வைப்பார்கள். எங்களுக்கு ஒருமுறை நவம்பரில் பணம் வந்தது: கம்பளிக்கு மட்டும், டிசம்பர் 31-க்குள் செலவாகிவிட வேண்டும். செலவு செய்தோம், ரசீது கச்சிதமாக இருந்தது, அறிக்கையில் ஒரு கேள்விகூட வரவில்லை. கம்பளி முகாமுக்கு வந்து சேர்ந்தது மார்ச் மாதம்.

மோசமான வகை, நிபந்தனையை நிறைவேற்ற வேண்டியவர் வேறு யாரோவாக இருப்பது. 2018 தொடக்கத்தில், பாலஸ்தீனர்கள் பேச்சுவார்த்தைக்கு வர மறுக்கும்போது எதற்குப் பணம் தர வேண்டும் என்று அமெரிக்க அதிபர் வெளிப்படையாகவே கேட்டார். அந்த ஜனவரியில் 6 கோடி டாலரை மட்டும் கொடுத்துவிட்டு 6.5 கோடியை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் மொத்தமாக நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டு கொடுத்தது சுமார் 36 கோடி. பேச்சுவார்த்தைக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது பாலஸ்தீனத் தலைமை. சம்பளம் நிற்பது லெபனானில் ஒரு முகாம் செவிலியருக்கு. எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான். தானாக வெடிக்கும் நிபந்தனையும் இதே சாதிதான். பாலஸ்தீனத்தை உறுப்பினராகச் சேர்க்கும் ஐநா அமைப்புக்குப் பணம் கிடையாது என்று 1990-களில் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. 2011-ல் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது, அதன் பட்ஜெட்டில் சுமார் 22 சதவீதம் அன்றே போனது. பாலஸ்தீனம் உறுப்பினராகவே இருந்தது. ஓட்டுரிமையை இழந்தது அமெரிக்காதான்.

பாடப்புத்தகப் பிரச்சினையையும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அன்ர்வா பள்ளிகளில் அந்தந்த இடத்து அரசின் பாடத்திட்டம்தான். புத்தகத்தை எழுதுவது அமைப்பு இல்லை. ஆசிரியர் என்ன கூடுதல் தாள் கொடுக்கிறார், எந்தப் பாடத்தை எப்படி நடத்துகிறார் என்பதில் நிபந்தனை போடலாம், போடவும் வேண்டும். புத்தகத்தை மாற்று என்று அமைப்பிடம் சொல்வது முகவரி தவறிய கடிதம்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் நிபந்தனைக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். பசித்தவன் சோற்றில் நிபந்தனையா என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் தத்துவம் இல்லை, கிட்டங்கி. ஆயுதம் வைத்திருக்கும் உள்ளூர் ஆட்கள் வந்து ‘லாரியை ஒரு நாள் கொடு’, ‘பயனாளிகள் பட்டியலைக் காட்டு’ என்று கேட்பது எந்த மோதல் பகுதியிலும் நடப்பதுதான். அங்கே நிற்கும் கிட்டங்கிப் பொறுப்பாளரும் அதே ஊர்க்காரர், அவர் பிள்ளைகளும் அங்கேதான் வளர்கிறார்கள். கொள்கை பேசி அவரால் மறுக்க முடியாது. எங்கள் பொறுப்பாளர் ஒருவர் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை அரபியில் மொழிபெயர்க்கச் சொல்லி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது வந்தால் அதைக் காட்டுவார்: ‘நான் கொடுத்தால் அடுத்த மாதம் உங்கள் தெருவுக்கும் மாவு வராது, இதோ எழுதியிருக்கிறது.’ மறுப்பைத் தன் தலையிலிருந்து இறக்கித் தொலைதூரத்து அரசாங்கத்தின் தலையில் வைக்க அவருக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. நல்ல நிபந்தனை கீழே இருப்பவருக்குக் கேடயமாக இருக்கும். ஆனால் ஒன்று, அந்த மிரட்டலை அவரே நம்ப வேண்டும். நிபந்தனையை மீறினாலும் பணம் வருகிறது, மீறாவிட்டாலும் நிற்கிறது என்ற நிலை வந்துவிட்டால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பில்லை.

எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால்: பெயர்ச் சோதனை ஐநா பட்டியலின் எல்லையைத் தாண்டிப் பார்க்காது என்பது உறுதி. திடீர் நிறுத்தம் முதலில் சம்பளத்தைத்தான் தாக்கும் என்பதும் உறுதி. தவணை நிபந்தனைகளால்தான் சீர்திருத்தம் நடந்ததா என்பது சந்தேகத்துக்குரியது. கொலோனா குழுவின் 50 பரிந்துரைகள், ஐநா தலைமையின் நெருக்கடி, பத்திரிகை வெளிச்சம் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போதாக்குறைக்குப் புலனாய்வாளர்களைக் கூட்டு, சோதனையைக் கூட்டு என்பதற்கே பணம் வேண்டும். இந்த அமைப்பை விட்டு வேறு அமைப்புகள் வழியாகக் கொடுத்தால் என்ன என்பதும் பாதி உறுதி, பாதி சந்தேகம். ஸ்வீடன் 2024 டிசம்பரில் அப்படித்தான் முடிவெடுத்தது. இஸ்ரேல் நாடாளுமன்றம் அக்டோபரில் போட்ட தடைச் சட்டங்களால் அன்ர்வா வழியாக அனுப்புவது கடினமாகிவிடும் என்றது. மாவும் கூடாரமும் கொடுக்க வேறு அமைப்புகள் இருக்கின்றன. 2023 போருக்கு முன் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளிகளை மறுநாள் காலையில் எடுத்து நடத்தத் தயாராக எந்த அமைப்பும் வரிசையில் நிற்கவில்லை. ஊழியர்களில் கணிசமான பகுதியினர் ஹமாஸ்காரர்கள் என்ற குற்றச்சாட்டை இஸ்ரேல் நிரூபிக்கவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தன் ஆலோசனைக் கருத்தில் சொன்னது. ஒருவர்கூட இல்லை என்று அது சொல்லவில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்த முறை ஏதாவது ஓர் அரசு ‘கடுமையான நிபந்தனைகளோடு’ என்று அறிவித்தால் அறிக்கையைத் தேடிப் பிடித்து வினைச்சொற்களை மட்டும் படியுங்கள். யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் வந்து பார்ப்பார்கள், செய்யாவிட்டால் எவ்வளவு தொகை நிற்கும் என்று நான்கும் இருந்தால் அது நிபந்தனை. இல்லாவிட்டால் அந்த நாட்டு வாக்காளர்களுக்கு எழுதிய கடிதம்.

லாரி ஓட்டுநர் கதையில் ஒன்றை விட்டுவிட்டேன். பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படும், ஒவ்வொரு முறையும் எல்லாப் பெயரையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்பது ஒப்பந்த ஷரத்து. பழைய முடிவைக் கோப்பில் இணைத்து வைக்கலாம், ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது. ஆறு மாதம் கழித்து அவர் பெயர் மறுபடி சிவப்பில் வந்தது. அதற்குள் நான் வேறு நாட்டுக் கோப்புகளுக்கு மாறியிருந்தேன். என் இடத்தில் புதிதாக வந்த பெண் போன் செய்து கேட்டார், ‘இவருடைய அம்மா பெயர் எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?’